கோலேந்திய நங்கை

ஒரு துறையில் முதலிடம் பெற்றவர்களையே உலகம் பெரும்பாலும் நினைவிற் கொள்கின்றது. ஆயினும், முதலிடத்தை ஒருநாளும் எய்தாதிருந்தும், அத்துறையின் வரலாற்றில் நீங்கா இடம் பெற்றோரும் சிலர் உளர். ஜப்பான் நாட்டிற் பிறந்து, பில்லியர்ட்ஸ் என்னும் கோற்பந்தாட்டத்தில் விளங்கிய மசாக்கோ கட்சுரா அம்மையார் அத்தகையோருள் ஒருவர்.

அவர் ஆடிய ஆட்டத்தின் இயல்பை முதற்கண் அறிதல் நலம். பச்சைக் கம்பளி விரித்த நீண்ட மேசையொன்றின்மேல் மூன்று பந்துகள் கிடக்கும். அம்மேசையிற் பந்து விழுவதற்குரிய குழிகள் இல்லை. ஆடுபவர் தம் கோலின் நுனியால் தமக்குரிய பந்தைத் தள்ளுவார். அப்பந்து ஏனைய இரண்டு பந்துகளையும் தொடுமாயின் ஓர் எண்ணிக்கை கிட்டும்; தொடாதாயின் ஆடும் முறை எதிரிக்குச் செல்லும். இஃது எளிய வகை. மற்றொரு வகை உண்டு. அதில் ஆடுபவரின் பந்து, இரண்டாம் பந்தைத் தொடுவதற்கு முன்னரே மேசையின் விளிம்புகளில் மூன்று முறையேனும் மோதித் திரும்ப வேண்டும். பந்து எக்கோணத்தில் மோதும், எவ்வளவு விரைவில் மீளும், எங்கே சென்று நிற்கும் என்பனவற்றையெல்லாம் கோலை அசைக்கும் முன்பே மனத்தால் அளந்து முடித்தல் வேண்டும். இதற்கு உடல்வலிமை பெரிதும் வேண்டுவதில்லை. கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபடுதலே வேண்டும். அங்ஙனமிருந்தும், உலகப் பட்டத்திற்குரிய போட்டிகளில் ஆடவர் மட்டுமே நெடுங்காலம் ஆடி வந்தனர்.

கட்சுரா 1913ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் தோக்கியோ நகரிற் பிறந்தார். இளமையில் அவர் உடல் மெலிந்தவர், எளிதில் களைப்புறுபவர். அவருக்குப் பன்னிரண்டு வயது நிகழ்ந்தபோது தந்தையார் மறைந்தார். தமக்கையின் இல்லம் அவருக்குப் புகலிடமாயிற்று. தமக்கையின் கணவர் கோற்பந்தாட்டக் கூடம் ஒன்றை நடத்தி வந்தார். மகளின் உடல் உரம் பெறுதல் வேண்டும் என்று கருதிய தாயார், அவ்வாட்டத்தைப் பயிலுமாறு அவரைத் தூண்டினார். பதினான்காம் வயதில் அவர் அக்கூடத்திலேயே பணிப்பெண்ணாக அமர்ந்தார். ஆடவந்தோர்க்கு ஏவல் செய்யும் அச்சிறுமியின் கண்கள் பந்தின் போக்கையே நோக்கின; ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கைகள் கோலை நாடின. விளைவு யாது? பதினைந்தாம் வயதிலேயே ஜப்பானியப் பெண்களுக்குரிய எளியவகை ஆட்டத்தில் அவர் வெற்றி மங்கையாயினார். ஏவல் செய்ய வந்தவர் அக்கூடத்தின் பெருமையாக மாறினார்.

பெண்களுள் முதல்வர் என்னும் பெயரோடு அவர் நின்றிருத்தல் கூடும். ஆனால், அவர் உள்ளம் அதனோடு அமைதியுறவில்லை. ஜப்பானின் தலைசிறந்த ஆட்டக்காரரான கின்ரே மட்சுயாமா 1937ஆம் ஆண்டு முதல் அவருக்கு ஆசிரியராயினார். அவரிடமே கட்சுரா மூன்று விளிம்பு ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்றார். பின்னர், தம் நாட்டில் ஆடவரோடு ஆடிய போட்டிகளில் மும்முறை இரண்டாம் இடம் பெற்றார். எளியவகை ஆட்டக் காட்சி ஒன்றில் இடையறாது 10,000 எண்ணிக்கை எடுத்தார் என்பது அவர்தம் பயிற்சியின் ஆழத்தைக் காட்டும்.

உலகப்போர் முடிந்தது. தோற்ற நாட்டில் வென்ற நாட்டுப் படைவீரர் தங்கியிருந்த காலம் அது. அவ்வீரர் காண அம்மையார் தம் ஆட்டத்திறனைக் காட்டி வந்தார். அமெரிக்கப் படையைச் சேர்ந்த வெர்னன் கிரீன்லீஃப் என்பவர் அவரிடம் ஆட்டம் கற்க வந்தார். மாணாக்கராய் வந்தவர் 1950ஆம் ஆண்டில் கணவராயினார். மறு ஆண்டின் இறுதியில் இருவரும் அமெரிக்கா சென்றனர். அம்மையார்க்கு அந்நாட்டு மொழி சிறிதளவே தெரியும். பகைமையின் வடு இன்னும் ஆறாதிருந்த நாடு அது. மொழி துணை செய்யாத இடத்தில் கோலே அவருக்கு மொழியாயிற்று.

சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த வெல்க்கர் காக்ரன் உலக வீரராகத் திகழ்ந்து ஓய்வு பெற்றிருந்தவர். அவர் அம்மையாரின் திறமையைக் கேள்வியுற்று, ஆட்டத்தை நேரிற் கண்டு வியந்தார். 1952ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நகரில் நிகழ்ந்த மூன்று விளிம்பு உலகப் போட்டிக்கு அவரை அழைத்தார். கோற்பந்தாட்ட உலகப் பட்டத்திற்காகப் பெண்ணொருவர் களம் புகுந்தது அதுவே முதன்முறை. ஐந்தடி உயரமும் நூறு பவுண்டிற்குக் குறைந்த எடையும் உடைய அப்பெண்மணி, உலகின் தேர்ந்த ஆடவர் ஒன்பதின்மரோடு மோதினார். அறுபத்து நான்கு வயதினரான வில்லி ஹாப்பி பட்டம் வென்றார். கட்சுரா பெற்றது ஏழாம் இடம்.

ஏழாம் இடம் பெரிதோ என்று சிலர் வினவலாம். அவருக்குப் பின்னே நின்றவர் மூவரும் ஆடவர் என்பதை மறத்தல் ஆகாது. கதவு ஒன்றை முதன்முதல் திறப்பவர் பெறும் இடத்தை, திறந்த கதவின் வழியே பின்னர் வருவோர் பெறும் இடத்தோடு ஒப்பிட்டு அளத்தல் முறையன்று. மேலும், அவர் அவ்விடத்தோடு நின்றாரும் அல்லர். 1953இல் சிகாகோவில் ஐந்தாம் இடம். 1954இல் போனஸ் அயர்சில் நான்காம் இடம். ஆண்டுதோறும் ஏறிய படிகள் இவை. எனினும் உலகப் பட்டம் அவர் கைக்கு எட்டவில்லை. 1961இல் ஹரால்டு வொர்ஸ்ட் என்னும் உலக வீரரோடு பட்டத்திற்காக ஆடித் தோற்றபின், அவர் போட்டிக்களத்தை விட்டு நீங்கினார். 1967இல் கணவரும் மறைந்தார். செய்தித்தாள்கள் போற்றிய அப்பெண்மணியைப் பொதுமக்கள் காண்பது அரிதாயிற்று.

1976ஆம் ஆண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆட்டக்கூடம். அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் ஆங்கு வந்தார், பிறரொருவரின் கோலை இரந்து பெற்றார், மேசையருகே குனிந்தார். பந்துகள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டன. பத்து, இருபது, ஐம்பது என எண்ணிக்கை வளர்ந்தது. ஒருமுறையும் பிழையாமல் நூறு எண்ணிக்கை எடுத்து முடித்தார். பின்னர்ப் புன்முறுவல் பூத்து, சூழ நின்றோர்க்குத் தலைதாழ்த்தி வணங்கி, கோலை உரியவரிடம் தந்துவிட்டுச் சென்றார். அவரே கட்சுரா. அவ்வாண்டிலேயே, பெண் ஆட்டக்காரர் சங்கம் தன் புகழாளர் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்துச் சிறப்புச் செய்தது. முதுமையில் அவர் தாய்நாடு திரும்பி, உடன்பிறந்தாள் இல்லத்தில் வாழ்ந்து, 1995இல் இயற்கை எய்தினார்.

பட்டம் பிறர் வழங்குவது; அதனைப் பிறர் மீண்டும் பெற்றுக்கொள்ளுதலும் கூடும். பயிற்சியால் கையில் ஊறிய கலையோ அத்தன்மையதன்று. காண்பார் நூற்றுவராயினும் ஒருவராயினும், கோல் தமதாயினும் இரவலாயினும், அது வேண்டும்போது வந்து துணைநிற்கும். ஆட்டக்கூடத்தில் ஏவல் செய்த தந்தையற்ற சிறுமி தம் வாழ்நாளில் ஈட்டிய செல்வம் அதுவேயாகும்.