சூடு என்றார் அப்பா

பிப்ரவரி 6, நார்த்தாமலை

அப்பாவுக்கு ரத்தம் 7.4 என்று சீட்டில் வந்திருக்கிறது. ஆம்பளைக்குப் 13 இருக்கணும் என்றார் லேப்காரர். நாற்பது வருடம் கல் உடைத்த உடம்பு. விஜயாலய சோழீச்சரம் பார்க்க வருகிறவர்கள் மேலமலையில் மூச்சு வாங்க நிற்கும்போது, இவர் எட்டுப் பாறை தள்ளி நின்று வழி சொல்வார். போன மாதம் பாதி ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்று சாயங்காலம்தான் வாயைத் திறந்தார். "ரத்தம் கொஞ்சம் போகுதுத்தா. சூடுதான்."

"எத்தன நாளாப்பா?"

"வீட்ல கக்கூஸ் கட்டுனதுலேருந்து."

கட்டி ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன் விடியுமுன்னே இருட்டோடு கண்மாய்க் கரைக்குப் போய் வருவார். இருட்டில் எது கண்ணுக்குத் தெரியும்? வெள்ளைப் பீங்கானில்தான் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை மாதம் போனதோ.

பிப்ரவரி 9

புதுக்கோட்டையில் சர்ஜன் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையுறை மாட்டி, ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கட்டி கைக்குத் தட்டுப்படுதும்மா" என்றார்.

அப்பா எங்களிடம் சொல்லாமல் ஐந்து மாதம் ஒரு கிளினிக்கில் மூலத்துக்கு மருந்து வாங்கியிருக்கிறார். அங்கே ஒருநாளும் அவரைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நினைத்து நினைத்து வயிறு எரிகிறது.

மூலத்திலும் ரத்தம் வரும், புற்றிலும் வரும். ரத்தத்தைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. மூலம் இருக்கிறவருக்கே கூடவே கட்டியும் இருக்கலாம் என்றார் சர்ஜன். போய்விட்டு வந்தும் போகாத மாதிரியே இருப்பது, வழக்கம் மாறிப்போவது, காரணமில்லாமல் இளைப்பது, ரத்தசோகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்றும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 13, இரவு

நாளை கொலனோஸ்கோப்பி. பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளர் கொடுக்கச் சொன்னார்கள். உப்பும் எலுமிச்சையும் கலந்த வழவழப்பு. நாலாவது டம்ளரில் அப்பா குமட்டினார். எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்தார். கடைசியில் தண்ணீர் மாதிரி தெளிவாகப் போக வேண்டும். குடல் கழுவின பாத்திரம்போல இருந்தால்தான் சின்னச் சதைகூடக் கண்ணில் படும். பதினோரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தெளிஞ்சிருச்சுப்பா" என்றேன். அப்பா கூச்சத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 14

திரையில் பார்த்தேன். இளஞ்சிவப்பான சுவர், வளையம் வளையமாக. கீழே மலக்குடலில் அந்தக் கட்டி, விளிம்பு தடித்து, நடுவில் புண்ணாகி. கிள்ளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

மேலே தள்ளி இன்னொன்று, காம்பில் நிற்கும் சின்னக் காளான் மாதிரி. பாலிப். கம்பிச் சுருக்கைப் போட்டு இறுக்கி அங்கேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். எல்லா பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகிறது ஏறக்குறையப் பத்து வருடம் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். கீழே இருந்ததும் ஒருகாலத்தில் இப்படித்தான் காளானாக நின்றிருக்கும். பத்து வருடம்! அவ்வளவு அவகாசம் தந்த நோய் இது.

மார்ச் 3

புற்றுதான். சிடி ஸ்கேனில் கல்லீரல், நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. எம்ஆர்ஐயில் பக்கத்து நெறிக்கட்டுகளில் சந்தேகம். முதலில் ஐந்து வாரம் கரண்டு (கதிர்வீச்சு) வைப்பதும் கேப்சிட்டபைன் என்கிற கீமோ மாத்திரையும். கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன். திருச்சியில் அத்தை வீட்டில் தங்கிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 21

பங்குனி பிறந்து ஊரில் முத்துமாரியம்மன் திருவிழாப் பேச்சாக இருக்கிறது. அப்பா ஊரில் இல்லாத முதல் பங்குனி.

திருச்சி பஸ்ஸில் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொண்டே போனேன். 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தங்கை இறந்தது அப்பாவுக்கு வந்திருக்கும் இதே மலக்குடல் புற்றில்தான். டாக்டரான அக்கா இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தைச் சுமந்தே 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பெண் ஒருத்தி நூறு வருடம் முன்னால் பட்டது. நாம் இன்னும் அதைச் "சூடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இங்கிலாந்தில் 50 வயது ஆனவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு குப்பி வருகிறது. மலத்தில் துளி தொட்டுத் திருப்பி அனுப்பினால் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் பக்கம் நர்சம்மா வீடு தேடி வந்து வாய், மார்பு, கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பற்றிக் கேட்கிறார். அது பெரிய காரியம். குடலையும் சேர்த்துக் கேட்கும் நாள் சீக்கிரம் வரவேண்டும்.

ஜூலை 2

ஆபரேஷன் முடிந்து எட்டு நாள். வயிற்றின் வலதுபக்கம் சிறுகுடலின் ஒரு வளைவை வெளியே கொண்டுவந்து பை வைத்திருக்கிறார்கள். தையல் ஆறும்வரைக்கும்தான், சில மாதத்தில் உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். கட்டி இன்னும் கீழே இருந்திருந்தால் ஆயுளுக்கும் பைதான்.

பை மாற்ற நான்தான் கற்றுக்கொண்டேன். அளவு அட்டையை வைத்துப் பார்த்து, தட்டில் வட்டம் கத்தரிக்க வேண்டும். கொஞ்சம் பெரிதானால் கசிந்து தோல் வெந்துவிடும். குடலின் வாய் ஈரமாக, நல்ல சிவப்பாக, தானாகவே அசைகிறது. அப்பா முதலில் பார்க்கவே மாட்டேன் என்றார். நேற்று எட்டிப் பார்த்துவிட்டு, "கோவப்பழமாட்டம் இருக்குத்தா" என்றார்.

ஜூலை 15

எடுத்துச் சோதித்த நெறிக்கட்டுகள் 14. எதிலும் புற்று இல்லை. வாசலிலேயே அழுதுவிட்டேன். இனி கொஞ்ச காலம் கீமோ, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ ரத்தப் பரிசோதனை, ஒரு வருடத்தில் மறுபடி கொலனோஸ்கோப்பி.

"உங்களுக்கு என்ன வயசும்மா?" என்று டாக்டர் கேட்டார். 41 என்றேன். அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் 40 வயதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அண்ணனுக்கும் போன் பண்ணிச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11

எனக்கும் அதே பவுடர், அதே இரவு. அப்பா திண்ணையில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராக எண்ணினார். மறுநாள் ஒரு பாலிப் எடுத்தார்கள். மிளகு அளவுதான்.

ஆகஸ்ட் 19

அப்பாவோடு குவாரியில் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் பார்க்க வந்தார். காப்பி குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. அப்பா உள்ளே போனதும் குரலைத் தணித்து, "எனக்கும் சூட்டுக்கு அப்பப்ப போகுதுத்தா, ரெண்டு மாசமா" என்றார்.

நாளைக் காலை 7 மணி பஸ். ஆதாரும் காப்பீட்டு அட்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் கூட வருகிறாராம்.