இரு முனைகள்

சென்னைப் பரங்கிமலையின் அடிவாரமே நான் பிறந்து வளர்ந்த இடம். பணியிட மாற்றம் என்னைப் பெங்களூருவுக்கு அழைத்து வந்தது. சென்ற ஆண்டு வகுப்பில், 'என் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு கூறினேன். ஒரு மாணவி மட்டும் எழுதாமல் அமர்ந்திருந்தாள்.

"ஐயா, என் பெற்றோரின் ஊர் தமிழ்நாட்டில் உள்ளது, நான் பிறந்தது இங்கே. எதை என் ஊர் என்று எழுதுவேன்?" என்று வினவினாள்.

என்னால் விடை கூற இயலவில்லை. முதிய தாயை ஊரில் விட்டு வந்த எனக்கும் அவ்வையம் இருந்தது. அப்போது அவள் மேசைமீது கணக்குப் புத்தகம் திறந்திருந்தது. அதில் ஒரு முக்கோணம் இருந்தது. அதைக் கண்டதும் ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வில்லியம் லாம்டன் என்னும் நில அளவையாளர் பரங்கிமலைக்கு அருகில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். வெப்பத்தால் எஃகுச் சங்கிலி நீளும் அன்றோ? ஆகவே, 100 அடிச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடார நிழலில் வைத்து அளந்தனர். அப்பணி முடிய 57 நாள்கள் ஆயின.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம். எனவே, தொலைவிலுள்ள குன்றை அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தியோடலைட் கருவியால் நோக்கிக் கோணங்களை அளந்தனர். கணக்கிட்டு அறிந்த பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாயிற்று. இவ்வாறு முக்கோணங்கள் தொடர்ந்து பெங்களூருவை அடைந்தன. 1804இல் இங்கும் ஓர் அடிக்கோட்டை நேரே அளந்து, கணக்கில் கிடைத்த நீளத்துடன் ஒப்பிட்டனர். வேறுபாடு சில அங்குலங்களே! பிற்காலத்தில் இப்பெரும்பணி இமயம்வரை சென்றது.

மறுநாள் இதனை வகுப்பில் கூறி, கரும்பலகையில் முக்கோணம் வரைந்தேன். "குன்றை ஒரு முனையிலிருந்து மட்டும் நோக்கினால் திசை தெரியும், தொலைவு தெரியாது. இரு முனைகளிலிருந்தும் நோக்கினால்தான் அது நிற்கும் இடம் விளங்கும். உனக்கு இரண்டு ஊர்கள் இருப்பது குறையன்று, அம்மா" என்றேன்.

அவள் எழுதுகோலை எடுத்தாள். கட்டுரையின் தலைப்பை 'என் ஊர்கள்' என்று திருத்திக்கொண்டாள். அன்று மாலை நான் என் தாயுடன் நெடுநேரம் தொலைபேசியில் பேசினேன்.