மலையைச் சுற்றலாம்... மலையைக் கேட்டோமா?

சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கே டீக்கடை களைகட்டிவிடுகிறது. லூர்து மாதா கோயிலுக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், ஆரணிக்குப் பட்டுப்புடவை எடுக்கக் கிளம்பியவர்கள் ஒரு பக்கம். நான் போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர் ஒரு நெசவாளர். ஆரணிப் பட்டு என்று ஊர் உலகம் சொன்னாலும், அதன் தறிகள் ஆரணிக்குள் மட்டும் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஓடுகின்றன. தேவிகாபுரம் வந்ததும் பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரத்தைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, “கிரிவலமா சார்? முன்னெல்லாம் பௌர்ணமிக்கு நாங்க நடந்தா வழி பூரா நிழலா இருக்கும். இப்ப பகல்ல நடக்க முடியல” என்றார். பாவு நீட்டி வேலை செய்ய மரநிழல் தேடும் தொழில் அவருடையது. நிழலின் அருமை அவருக்குத் தெரியாதா என்ன!

நிழலுக்காக ஒரு வழக்கு

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், நடுவே ஆதி அண்ணாமலையார் கோயில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கூட்டம் பெருகினால் சாலையை அகலப்படுத்தத்தானே வேண்டும் என்று தோன்றும். 2016-ல் அந்தப் பணி தொடங்கியபோது, பாதையோர மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் பக்தர்களும் குரல் எழுப்பினார்கள். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போய், பணிக்குத் தடை வந்தது.

அவர்கள் சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறுங்காலோடு நடப்பவருக்கு என்ன தேவை, வண்டியில் வருபவருக்கு என்ன தேவை, இரண்டையும் யோசித்துத் திட்டம் போடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

இரும்பா, காடா?

செங்கம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும் தெரியும். இரண்டும் காப்புக்காடு. உள்ளே இரும்புத்தாது இருக்கிறது. அதை வெட்டியெடுக்க ஜிண்டால் நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. சுமார் 325 ஹெக்டேர் காட்டு நிலம் கேட்கப்பட்டது.

2008 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மலையடிவாரக் கிராமத்து மக்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. மழைத் தண்ணீர் மலையிலிருந்துதான் ஏரிக்கு வருகிறது. ஆடு மாடு அங்கேதான் மேய்கிறது. குலசாமியும் அங்கேதான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவும் திட்டத்துக்கு எதிராகவே பரிந்துரைத்தது. அந்த மலைகள் இன்றும் நிற்கின்றன.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. இதே மாவட்டத்தில், செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,174 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 ஜூலையில் விவசாயிகள் போராட்டம் தொடங்கினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் கிளம்பியதும் அதே மாதம் ஆறு பேர் மீதான நடவடிக்கை திரும்பப் பெறப்பட்டது. மேல்மா, காப்புக்காடு அல்ல, விளைநிலம். ஆனால், ‘முடிவெடுக்கும் முன் எங்களைக் கேட்டீர்களா?’ என்ற கேள்வி ஒன்றேதான்.

டிசம்பர் 1, 2024

திருவண்ணாமலையில் இறங்கி, வ.உ.சி. நகர் பக்கம் நடந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் மலை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1 மாலை, விடாத மழையில் இங்கே மண் சரிந்தது. பாறையும் சேறும் 11-வது தெருவில் ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள்.

புவியியல் நிபுணர்கள் வந்து மலையைச் சோதித்தார்கள். டிசம்பர் 13 அன்று கார்த்திகை மகாதீபம் வழக்கம்போல ஏற்றப்பட்டது. ஆனால், பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலையில் கட்டப்பட்ட வீடுகள் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

‘மலையில் போய் ஏன் வீடு கட்டினார்கள்?’ என்று தூரத்தில் இருந்து கேட்பது சுலபம். கோயிலை நம்பிப் பூக்கட்டியும் கடை போட்டும் கூலிக்குப் போயும் பிழைப்பவர்களுக்கு, ஊருக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகுமா? அது ஒரே ராத்திரியில் முளைத்த குடிசையும் அல்ல. எண் போட்ட தெரு. அது வளர்ந்த இத்தனை வருடமும் எல்லார் கண் முன்னாலும்தான் வளர்ந்தது. இப்போது காலி செய் என்றால், எங்கே போவது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மலையையும் காக்க வேண்டும், மனிதரையும் காக்க வேண்டும்.

பச்சை திரும்புகிறது

மனசு கனத்தாலும், திரும்பி வரும்போது ஓர் ஆறுதல். சில பத்தாண்டுகளுக்கு முன் மொட்டையாக இருந்த அண்ணாமலையின் பல சரிவுகளில் இன்று மரங்கள் நிற்கின்றன. அண்ணாமலை காடுவளர்ப்புச் சங்கம், ‘ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்புகளும் உள்ளூர்த் தொண்டர்களும் நட்டு, தண்ணீர் ஊற்றி, கோடையில் காய்ந்த புல்லில் பிடிக்கும் தீயை ஓடி ஓடி அணைத்து வளர்த்தவை. வேர்தான் மண்ணைப் பிடித்து வைக்கும் என்பதை இனி யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் போனால், இரவிலோ விடிகாலையிலோ நடங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோய், வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். தடுத்திருக்கும் இடத்தில் மலையேற வேண்டாம். புல் காய்ந்த இடத்தில் கற்பூரம் ஏற்ற வேண்டாம். அப்படியே, சேத்துப்பட்டுப் பக்கம் நெடுங்குணத்தில் யோக நிலையில் அமர்ந்திருக்கும் ராமரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பஸ்ஸில் இறங்கும்போது அந்த நெசவாளர் சொன்னது நினைவிருக்கிறது: “புடவைல ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம் சார். மலை அறுந்தா யாரு முடிச்சுப் போடறது?”