உப்புக்காற்றும் பழைய மெசினும்

மட்டக்களப்பில் பழைய வாகனம் வாங்கப் போகும் விசயகாரர் மீற்றரைப் பார்க்க மாட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அடித்தட்டைப் பார்ப்பார். ஸ்பானர் முனையால் இரண்டு தட்டுத் தட்டுவார். கணீரென்றால் தகடு இருக்கிறது. சத்தம் செத்துக் கேட்டால் பெயின்ற் மட்டும்தான் இருக்கிறது. பிறகு ஒரு கேள்வி கேட்பார்: "எந்தக் கரையில நிண்ட வாகனம்?"

கேட்க வேண்டிய கேள்விதான். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நீளும் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம். கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி. இங்கே முற்றத்தில் சும்மா நிற்கும் வாகனத்தின் மீதும் உப்பு படிந்துகொண்டே இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் இரும்பைத் தின்னும். மதிய வெயிலில் காய்ந்து இரவுப் பனியில் மறுபடி நனையும். கதவின் கீழ்மடிப்பு, மட்கார்ட்டின் உள்விளிம்பு, வில்லுத்தட்டு பூட்டிய இடம், பிறேக் குழாய் என்று கண்ணில் படாத மூலைகளில்தான் துரு தொடங்கும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உப்பு குறைவு. ஆனால் வயல் சேறு உண்டு. சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, ஒரு கரையில் வாகனம் காற்றால் சாகிறது, மறுகரையில் மண்ணால்.

இரண்டுக்கும் ஊரில் மருந்து ஒன்றே. கிணற்றுத் தண்ணீரால் அடிப்பக்கத்தை நன்றாக அடித்துக் கழுவி, காய விட்டு, கழித்த இஞ்சின் ஒயிலைத் தூரிகையால் பூசுவது. றப்பர் புஷ்களில் படாமல் பூச வேண்டும். ஒயில் பட்டால் றப்பர் ஊதிப் போகும். செலவில்லாத வைத்தியம், அழகில்லாத வைத்தியம். ஆனால் மாரி தொடங்கும் முன் இதைச் செய்தவனின் வாகனம் அடுத்த மாரியையும் பார்க்கும்.

வெளிநாட்டில் குடியேறிய சொந்தக்காரர்கள் கோடை விடுமுறையில் காருக்குப் பின்னால் கரவன் கொழுவிக்கொண்டு ஏரிக்கரைகளில் தங்கி, படம் எடுத்து அனுப்புகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாழ்க்கை படுவான்கரைக்குப் புதிதில்லை. இங்கே அதற்குப் பெட்டி என்று பெயர். மெசின் என்று ஊரில் சொல்லும் உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் இரண்டு சில்லுப் பெட்டி. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றும். வீடு கட்டும்போது மணலும் கல்லும் ஏற்றும். திருவிழாக் காலத்தில் குடும்பத்தையே ஏற்றும்.

ஆடியில் தாந்தாமலை, ஆவணியில் மண்டூர், அதையொட்டிக் கொக்கட்டிச்சோலைத் தேர் என்று கோயில்கள் வரிசையாக வரும். பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, வைக்கோலுக்கு மேல் பாய், பாய்க்கு மேல் ஆச்சிமார். பின்புறத்தில் விறகு, அரிசி, கறிச்சட்டி, தண்ணீர்க் கான். கம்பு வளைத்துக் கட்டி மேலே படங்கு போட்டால் வெயிலுக்கும் மழைக்கும் கூரை தயார். கோயில் வெளியில் மரநிழல் பார்த்து நிறுத்தி, சில்லுக்குக் கல் அணை கொடுத்துவிட்டால் திருவிழா முடியும்வரை அதுதான் வீடு. மேலே பெண்கள் படுப்பார்கள், கீழே பிள்ளைகள். மெசின்காரருக்கு மட்கார்ட்தான் கட்டில்.

பெட்டிக்கு இஞ்சின் இல்லை. அதனால் கவனிப்பும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஊரில் பாதிக் கரைச்சல் இந்த நினைப்பால் வருகிறது. மெசினையும் பெட்டியையும் கொழுவும் ஊசியையும் அது நுழையும் வளையத்தையும் பாருங்கள். வட்டமாக இருந்த ஓட்டை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு நீள்வட்டமாகியிருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசி அதற்குள் முன்னும் பின்னும் இடிக்கும். ஒருநாள் பட்டென்று போகும். சில்லுக்குள் இருக்கும் பெயறிங் இன்னொன்று. பாலங்கள் வருமுன் மெசினும் பெட்டியும் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தன. துறையில் ஏறும்போதும் இறங்கும்போதும் சில்லு உவர்நீரில் முழுகி எழும். சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு கிறீஸ் சாம்பல் நிறச் சேறாகிவிடும். அந்நாளில் பாதையில் போய்வந்த குடும்பங்கள் மாதந்தவறாமல் சில்லு கழற்றிக் கிறீஸ் மாற்றின. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்த வழியில் சில்லு நனைவதில்லை. அதோடு சேர்த்துக் கிறீஸ் மாற்றும் பழக்கமும் கழன்று போயிற்று.

எங்கள் வீட்டில் நிற்கும் மெசின் மசி பெர்கூசன் 135. இங்கிலாந்தில் கொவென்றி நகரத்துப் பனர் லேன் தொழிற்சாலை 1964 முதல் செய்த வகை. இரண்டாம் உலகப் போரில் விமான இஞ்சின் செய்வதற்காகக் கட்டப்பட்ட இடம் அது. போர் முடிந்ததும் உழவு இயந்திரத்துக்கு மாறியது. 2002இன் இறுதியோடு அங்கே வேலை நின்றுவிட்டது. தாய்வீடு மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் சென்னையில் இருக்கிறது. 1960இல் தொடங்கிய டாபே நிறுவனம் மசி பெர்கூசன் வகைகளைச் செய்துவருகிறது. செம்பியத்துச் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் உரிமம் பெற்று டீசல் இஞ்சின் செய்தது. அதனால் பிஸ்டன் றிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப் என்று கேட்டால் மட்டக்களப்புக் கடைக்காரர் "இந்தியன் இரிக்கு, தரவா?" என்பார். எல்லாம் அப்படியே பொருந்தும் என்றில்லை; பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் மேசையில் வைத்து, பக்கத்தில் புதியதை வைத்து அளந்து வாங்குவதே புத்தி.

இந்த மெசினின் அருமை அதன் ஏழ்மையில் இருக்கிறது. மூன்று சிலிண்டர், இரண்டரை லீற்றர், சுமார் 45 குதிரைவலு. ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரமே தேவையில்லை. டீசலும் காற்றும் போதும். பற்றறி செத்தால் சரிவில் உருட்டியோ இன்னொரு மெசினால் இழுத்தோ ஸ்டார்ட் எடுக்கலாம். குளக்கட்டுச் சரிவில் மூக்கைக் கீழே காட்டி நிறுத்தியிருக்கும் மெசினைக் கண்டால், அதன் பற்றறியின் நிலையைச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

அதற்கு வரும் நோயும் எளிமையானதே. பெரும்பாலும் எயர் பிடிப்பது. டாங்கி அடிவரை வற்றினாலோ குழாயில் முடிகீறல் விழுந்தாலோ டீசலோடு காற்றும் உள்ளே போய்விடும். காற்று அமுங்கிக் கொடுக்கும், டீசல் கொடுக்காது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில்தான் இஞ்செக்டரின் ஊசிமுனை திறக்க வேண்டும். இடையில் ஒரு குமிழி இருந்தாலும் பம்ப் தள்ளுகிற தள்ளெல்லாம் குமிழியிலேயே போய்விடும். வயல் நடுவே மெசின் இருமி நின்றபோது எங்கள் மெக்கானிக் மாமா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் பில்டர் தலையிலிருக்கும் சின்னத் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினார். பிறகு இஞ்சினின் பக்கத்திலிருக்கும் கைப்பம்பின் நாக்கைப் பெருவிரலால் மேலும் கீழும் அடித்தார். திருகாணியைச் சுற்றி வெள்ளை நுரை வந்தது. நுரை குமிழியாகி, குமிழி ஒன்றிரண்டாகி, கடைசியில் தேன்நிறத்தில் கலங்காத டீசல் வழிந்தது. இறுக்கினார். அடுத்து இஞ்செக்ஷன் பம்பின் திருகாணிகளில் அதே வேலை. கடைசியாக இஞ்செக்டர் குழாய்களின் நட்டைத் தளர்த்தி, "அடி மனே" என்றார். நான் சாவியைத் திருப்ப, நட்டுகளின் இடுக்கில் டீசல் துடித்துத் துடித்துத் தெறித்தது. ஒவ்வொன்றாக இறுக்கினார். முதல் சிலிண்டர் இடித்தது, இரண்டாவது சேர்ந்தது, மூன்றாவதும் சேர்ந்ததும் மெசின் தன் பழைய தாளத்துக்கு வந்துவிட்டது. ஒரே ஸ்பானர், கொஞ்சம் துணி, பொறுமை.

கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே அவர் சொன்ன அறிவுரை: "பொழுது பட்டா டாங்கியை நிரப்பி வை மனே. வெறும் டாங்கிக்குள்ள ராவைக்குத் தண்ணி புடிக்கும்." உண்மைதான். டாங்கியின் காலியிடத்தில் நிற்கும் ஈரக்காற்று குளிரில் துளியாகி டீசலின் அடியில் தங்கும். பம்பைத் துருப்பிடிக்க வைக்கும். வாவிக்கரை ஊர்களில் இந்தப் பாடம் இரண்டு மடங்கு பொருந்தும்.

கழற்றிப் பூட்டும் கை இந்த மண்ணில் ஆசைக்காக வளரவில்லை. 2007 வரை வாவியின் மேற்கே பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எரிபொருள், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் சோதனைச் சாவடியைத் தாண்டியே போக வேண்டும். தாண்டுமா என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. கிடைக்காததைச் செய்துகொள்ள வேண்டும், செய்ய முடியாததை இன்னொரு மெசினிலிருந்து எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். 1990இல் பொருளாதாரத் தடை வந்ததும் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் வகைக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் எடுத்து, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கால இஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு; அதனால் மட்டமான எரிபொருளையும் பெரிதாக முட்டாமல் ஏற்றுக்கொண்டன. இலவசமாக அல்ல. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக் கரி பிடிக்கும். தெரு முழுக்கப் புகை. ஆனாலும் நோயாளியும் மணப்பெண்ணும் அந்தக் கார்களில்தான் போனார்கள். கணினி வைத்த இன்றைய காரிடம் இந்த விளையாட்டுக் காட்ட முடியாது.

நாடு முழுவதற்கும் நெருக்கடி வந்தபோதும் பழையவற்றின் மதிப்பு தெரிந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில், வாங்கிய விலைக்கு மேல் பழைய காரை விற்றவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். முற்றத்தில் கோழி அடைந்த மொறிஸ் மைனர்களையும் ஆட்கள் தேடி வந்து பார்த்தார்கள். ஆங்கில எழுத்து இலக்கத்தகடு, பிறகு வந்த சிங்கள 'ஸ்ரீ' தகடு, அதற்குப் பின் வெறும் எண் தகடு, 2000க்குப் பிறகு மாகாண எழுத்துத் தகடு என்று வாகனத்தின் நெற்றியைப் பார்த்தே வயது சொல்லிவிடலாம். அந்த 'ஸ்ரீ' எழுத்தின் மீது 1958இல் தமிழ்ப் பகுதிகளில் தார் பூசினார்கள். இன்று அதே தகட்டைப் பழைமைக்குச் சான்றாகத் துடைத்து வைக்கிறோம்.

2021 டிசம்பரில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூனில் 460 ரூபாய் ஆயிற்று. அதற்கும் பெற்றோல் செட்டில் நாள்கணக்காக வரிசை. அப்போது ஒன்று தெளிவானது: திருத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. எயர் எடுக்கத் தெரிந்தவனும் டீசல் இல்லாமல் உழ முடியாது. உதிரிப்பாகம் செம்பியத்திலிருந்தும் எண்ணெய் கடல் கடந்தும் வர வேண்டியிருக்க, தன் காலில் நிற்கிறோம் என்று பழைய மெசின்காரர் அதிகம் பீற்றிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழைய வாகனம் புகை கக்கும். அதன் பின்னால் சைக்கிளில் போகும் பள்ளிப்பிள்ளை அதைக் குடிக்கும். அந்தக் காலத்துக் கார் பலவற்றில் இருக்கைப் பட்டியே இல்லை. பின்விளக்கில்லாத பெட்டி இருட்டில் வீதியோரம் நிற்பதும், அதில் மோட்டார் சைக்கிள் போய் மோதுவதும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் செய்தி. ஒளிதெறிக்கும் சிவப்புப் பட்டி ஒட்ட எவ்வளவு செலவாகும்? அதற்குக் கணக்குப் பார்த்துவிட்டு, மட்கார்ட்டுக்குப் பளபளப்பான பெயின்ற் அடிப்பவரை வாகனப் பிரியர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிறேக்கும் விளக்கும் ஊசியும் முதலில். இஞ்சினின் தாளம் அதற்குப் பிறகு.

ஆகவே, பழையது வாங்கலாமா என்று கேட்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். எந்த ஆண்டு வந்தது என்று பார்ப்பதற்கு முன், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். அவர் பக்கத்து ஊரில் இருந்தால் அறுபது வருட மெசினும் இளையது. கொழும்பில் மட்டும் இருந்தால் ஐந்து வருடக் காரும் கிழடு. எங்கள் மெக்கானிக் மாமாவின் கராஜில் இன்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் பொடியன்மார் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். கேஸ்கெட் செம்பியத்திலிருந்து வரும். அந்தப் பெருவிரல் வராது. பழைய வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு பிள்ளைக்காவது, மகளானாலும் சரி, எயர் எடுக்கக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதைச் செய்ய நேரமில்லை என்பவர் மெசினை இப்போதே நல்ல விலைக்கு விற்றுவிடலாம்.