பல் இல்லாத விளிம்பு

தோட்டத்துத் தம்பி ஒருவன். கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். "அண்ணே, ரெண்டு கிராபிக்ஸ் கார்ட் போட்டா வேகம் கூடுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. கொடகவெலவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் அப்படிச் சொல்லலாமா என்ற வீம்பு. "ரெட்டிப்பாகும். மெமரியும் 6 ஜிபி 12 ஆயிடும்" என்றேன்.

2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளால் நடந்த எதீரியம் கிரிப்டோ மைனிங் நின்றபின் சந்தைக்கு வந்த பழைய கார்ட் ஒன்றை அவனுக்கு விற்றேன். அவனிடம் இருந்ததைப் போலவே ஜிடிஎக்ஸ் 1060.

பொருத்தும்போதுதான் அது நடந்தது. இரண்டையும் இணைக்கும் எஸ்எல்ஐ பிரிட்ஜை மாட்ட கார்டின் மேல் விளிம்பைத் தடவினேன். பிரிட்ஜ் கடிக்கும் பல்லே இல்லை. 1070இல் உண்டு, 1060இல் என்விடியா வைக்கவேயில்லை. இரண்டும் சேராது என்று அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "புதுசுல பிரிட்ஜ் தேவையில்ல, மதர்போர்ட் வழியா போகும்" என்றேன். அறியாமை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பொய்.

அவனுடைய மென்பொருள் ஒரு கார்டைத்தான் பயன்படுத்தியது. மெமரி கூடவேயில்லை. எஸ்எல்ஐ இருந்திருந்தாலும் கூடியிருக்காது, ஒரே தரவைத்தான் இரண்டு கார்டும் தனித்தனியே வைத்திருக்கும். சூடுதான் கூடியது. இரண்டுமே அனலைக் கேசிங்குக்குள்ளேயே தள்ளும் வகை. நடுவில் விரல்கடை இடைவெளி. கீழ்க் கார்டின் அனலை மேல் கார்டின் ஃபேன் இழுத்தது. ஒவ்வொன்றும் 120 வாட் தின்னும். பவர் சப்ளையோ பழையது. அதை மாற்றச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

நடுவில் அணைகிறது என்று வந்தான். கேசிங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "லயத்துத் தகரக் கூரை சூடு தம்பி, தூசியும்தான்" என்றேன். அவன் வீட்டை நான் பார்த்ததில்லை. அவன் தலை குனிந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த முறை பவர் சப்ளை வெடித்தது. ஹார்ட் டிஸ்கும் போனது. அதில் ஒரு கல்யாணம் முழுவதும் இருந்தது. கேமரா மெமரி கார்டை ஏற்கெனவே அழித்துவிட்டான்.

கார்டின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணின் தகப்பன் இன்னும் அவனைத்தான் ஏசுகிறார். அவனுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று மற்றவர்களுக்கும் சொல்கிறாராம். அந்த வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல எனக்கு இதுவரை துணிவு வரவில்லை.