ஓடும் காலுக்கு உரம்

ஓடத் தொடங்குவோர் பலர். தொடர்ந்து ஓடுவோர் சிலர். மன உறுதி குறைந்தமையே இதற்குக் காரணம் எனப் பெரியோர் கூறுவர். ஆயின், ஆண்டுதோறும் மாணாக்கரோடு மைதானத்தில் நிற்கும் எமக்கு வேறொரு காரணமும் புலப்படுகின்றது. இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிக்காலம் வந்ததும், அதுவரை கதிரையை விட்டு எழாத பிள்ளைகளும் உற்சாகத்தோடு ஓட வருகின்றனர். மூன்றாம் வாரத்தில் ஒருவனுக்குக் கணைக்கால் எலும்பு நோகின்றது. ஒருத்திக்கு முழங்கால் வலிக்கின்றது. "எனக்கு ஓட்டம் சரிவராது, சேர்" என்று சொல்லி விலகும் பிள்ளை பெரும்பாலும் மீண்டும் ஓட வருவதில்லை. பதினைந்து வயதில் எழுந்த அந்த எண்ணம் ஐம்பது வயதிலும் அகலாது நிற்கின்றது.

இது எதனால் நேர்கின்றது? ஓட்டப் பயிற்சிக்கு இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே இணங்கிவிடும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் உரம்பெறப் பல மாதங்கள் செல்லும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகின்றது. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவரின் கால், அடிக்கு அடி 120 முதல் 180 கிலோகிராம் வரையான பாரத்தை ஏற்கின்றது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் அரைமணி நேரத்தில் 4800 அடி வைக்கின்றார். மூச்சு "ஓடு" என்கின்றது. கால் "பொறு" என்கின்றது. தொடக்கத்தில் ஓடுவோர் மூச்சின் சொல்லையே கேட்கின்றனர்.

நாற்பதைக் கடந்தபின் மன்னார்க் கடற்கரையில் விடியற்காலை ஓட்டத்தைத் தொடங்கிய நாமும் இதனை உடலால் அறிந்தோம். ஆறு வாரத்தில் மூச்சு வசமாயிற்று. படி இறங்கும்போது முழங்கால் மட்டும் முறையிட்டது. வாரத்தில் இருநாள் காலுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டோம். மூன்று மாதங்கள் சென்றபின் அந்த முறையீடு அடங்கியது. சோளகக் காற்று முகத்தில் அறையும் நாட்களிலும் நிமிர்ந்து ஓட இயன்றது.

எம் முன்னோருக்கு இத்தகைய தனிப்பயிற்சி தேவைப்படவில்லை. மணலில் குதிகாலை ஊன்றிக் கரைவலை இழுத்தவர்களுக்கும், தோணியைத் தோளால் தள்ளிக் கடலில் இறக்கியவர்களுக்கும், பனையேறியவர்களுக்கும், கிணற்றில் நீர் இறைத்துக் குடம் சுமந்த பெண்களுக்கும் அன்றாடத் தொழிலே தேகாப்பியாசமாய் அமைந்தது. பின்னாளில் கரைவலைக் கயிற்றைப் பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கலாயிற்று. நீரை மோட்டார் இறைக்கின்றது. உழைப்பு குறைந்தது நன்றே. ஆனால் அவ்வுழைப்புத் தந்த வலிமையை இனி நாமே தேடிப் பெறல் வேண்டும்.

வலிமைப் பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை உலகறியக் காட்டியவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியப் பயிற்றுநர் பேர்சி செருட்டி. தம் நாற்பதுகளில் உடல்நலம் குன்றித் தளர்ந்த அவர், பின்னர் தம்மைத் தேற்றிக்கொண்டு மரதன் ஓட்டம் வரை ஓடினார். மெல்பேணுக்குத் தெற்கே போர்ட்சி என்னும் கடற்கரையில் மாணவரை மணல்மேடுகளில் ஏறியோடச் செய்தார். பளுவும் தூக்கச் செய்தார். அவரிடம் பயின்ற ஹேர்ப் எலியட் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீற்றரை 3 நிமிடம் 35.6 செக்கனில் ஓடி, உலக சாதனையோடு தங்கப் பதக்கம் வென்றார்.

பிற்கால ஆய்வுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. வலிமைப் பயிற்சி செய்வோர் அதே வேகத்தில் ஓடுவதற்குச் சில வீதம் குறைவான ஒட்சிசனே செலவாகின்றது. பலவகை விளையாட்டு வீரர் பற்றிய 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளிவந்த மதிப்பீடு, காயத்தைத் தடுப்பதில் வலிமைப் பயிற்சி சிறந்த பயன் தருவதாகக் கண்டது. ஓட்டக்காரரை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் யாவும் ஒரே விடையைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடல் நேர்மை. ஆதலால், இப்பயிற்சியைச் செய்வோரும் ஓடும் தூரத்தைச் சிறுகச் சிறுகவே கூட்டுதல் வேண்டும்.

இனிச் செய்முறையைக் காண்போம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அடுத்தடுத்து வராத இரு நாட்களில் இருபது நிமிடம் போதும். முதலாவது, குந்தி எழுதல். பிள்ளையார் சந்நிதியில் நாம் இடும் தோப்புக்கரணமே இது. இரண்டாவது, திண்ணைப் படியில் ஒரு காலால் ஏறி மெல்ல இறங்குதல். மூன்றாவது, சுவரைப் பிடித்து நுனிக்காலில் உயர்ந்து தாழ்தல். நான்காவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல். இவை ஒவ்வொன்றையும் பத்துமுறை, இரு சுற்றுச் செய்க. ஐந்தாவது, முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல் இருபது செக்கன் நிறுத்துதல். மூச்சை அடக்கலாகாது. எளிதானதும் நீர் நிரப்பிய ஐந்து லீற்றர்ப் போத்தலை ஏந்திச் செய்க. அதுவே ஐந்து கிலோகிராம் பாரம்.

வேறு நாட்களில் ஒரு நிமிடம் ஓடி இரு நிமிடம் நடந்து பழகுக. எமது தீவில் மணலுக்குக் குறைவில்லை. எனினும் இளகிய மணலில் ஓட, இறுகிய தரையில் ஓடுவதினும் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். குதிகால் நாணுக்கும் அது கடினம். புதியவர் இறுகிய தரையில் தொடங்கி, கால் உரம்பெற்றபின் மணலுக்குச் செல்வதே முறை. பயிற்சிக்கு மறுநாள் தசை நோவது இயல்பு. எலும்பில் ஓரிடத்தில் குத்தும் வலி இருந்தாலோ, நொண்ட நேர்ந்தாலோ ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரை நாடுக. இதய நோயோ உயர் குருதி அமுக்கமோ உடையவர் முன்னரே வைத்தியரைக் கேட்டுத் தொடங்குக.

தாய்மாருக்கு ஒரு சொல். பாரம் தூக்கினால் பெண்பிள்ளையின் உடல் முரடாகிவிடும் என்று அஞ்சுவோர் இன்னும் உளர். முதற் சில வாரங்களில் கூடும் வலிமையிற் பெரும்பகுதி, நரம்பும் தசையும் ஒத்தியங்கப் பழகுவதால் வருவது. உடல் பருப்பதால் வருவதன்று. இளம் பருவத்தில் எலும்புக்குத் தேடிவைக்கும் உரமோ முதுமையிலும் துணை நிற்கும் சேமிப்பு.

'மெய்வல்லுநர்' என்ற எம் சொல்லிலேயே 'வல்' இருக்கின்றது. அடுத்த போட்டிக்காலம் வருமுன், வாரத்தில் இரு மாலைகளை எம் பிள்ளைகளின் கால்களுக்கு ஒதுக்குவோம்; நாமும் அவர்களோடு சேர்ந்து குந்தி எழுவோம். அவ்வாறு செய்தால், மூன்றாம் வாரத்தில் மைதானத்தை விட்டு விலகும் பிள்ளைகளின் தொகை குறையும் என்பது எமது நம்பிக்கை.