கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும்

தமிழில் 'ஹோட்டல்' என்ற சொல்லுக்குத் தங்கும் இடம் என்ற பொருள் இரண்டாவதாகத்தான் வருகிறது. நம் ஊரில் ஒருவர் ஹோட்டலுக்குப் போகிறேன் என்றால் சாப்பிடப் போகிறார் என்று அர்த்தம். தங்குவதற்கு லாட்ஜ்; கொஞ்சம் வசதி கூடியதென்றால் 'ரூம் போட்டிருக்கிறேன்' என்போம். எங்கள் நூற்பாலையில் எனக்கு முன்பு விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இந்த இரண்டு பொருளையும் ஒன்றாகவே வைத்திருந்தார். மும்பைக்குப் போகும்போதெல்லாம் அவர் மாதுங்காவில்தான் அறை எடுப்பார். தமிழ் மெஸ்களும் வாழையிலைக் கடைகளும் பூக்கடைகளும் உள்ள பகுதி அது. காரணம் கேட்டால், "இட்லி கிடைக்கிற எடத்துல தங்கோணும் தம்பி. யாவாரத்துக்கு எங்க வேணாலும் போயிட்டு வரலாம்" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். தங்குமிடத்தை எதற்கு அருகில் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு அவரளவில் அது முழுமையான பதில்.

கோவையிலிருந்து நூல் விற்கவும் பஞ்சு வாங்கவும் மும்பைக்குப் போகிறவனுக்கு மூன்று திசைகளில் வேலை இருக்கும். ஒன்று கால்பாதேவி. மூல்ஜி ஜேதா மார்க்கெட், மங்கள்தாஸ் மார்க்கெட் என்று துணி வணிகம் நெரியும் பழைய பகுதி. தரகர்களும் பழைய பாக்கிகளும் அங்கே. இரண்டாவது பேலாப்பூர். இந்தியப் பருத்திக் கழகத்தின் தலைமை அலுவலகம், கடற்கழிக்கு அப்பால் நவி மும்பையில் இருக்கிறது. மூன்றாவது பிவண்டி. தாணேக்கும் அப்பால், விசைத்தறிகளின் ஓசை நிற்காத ஊர். வரைபடத்தில் இந்த மூன்றையும் புள்ளி வைத்துக் கோடு போட்டால் ஒரு முக்கோணம் வரும். அதன் நடுவில் எங்காவது தங்கினால் மூன்றுக்கும் சம தூரம் என்று கோவையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றுவது இயல்புதான்.

எங்கள் அலுவலகத்தில் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவருக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. விமான நிலையத்துக்குப் பக்கம், நடுவாந்திரமான இடம், வாடகையும் வரம்புக்குள் என்று அந்தேரியில் அறை போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய நகரம் சென்னை. அது ஓரளவு விரிந்து கிடக்கிற ஊர். மும்பை அப்படியல்ல. கடலுக்குள் நீட்டிய கைபோலத் தெற்கு வடக்காகக் கிடக்கும் நிலம் அது. தண்டவாளங்களும் அந்தக் கையின் நரம்புகள் போலத் தெற்கு வடக்காகவே ஓடுகின்றன. சர்ச்கேட்டிலிருந்து மேற்கு ரயில்வே, சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து மத்திய ரயில்வேயும் துறைமுக வழியும். குறுக்கே போவதற்கு நெடுங்காலம் சாலையைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. வெர்சோவாவிலிருந்து அந்தேரி வழியாகக் காட்கோபருக்கு முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2014இல்தான்.

இப்படிப்பட்ட ஊரில் தூரத்தைவிடத் திசைதான் முக்கியம் என்பது எனது எண்ணம். காலையில் மும்பை தெற்கு நோக்கிப் போகிறது. மாலையில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. அந்தப் பெருக்கோடு சேர்ந்து போக வேண்டியிருந்தால் எட்டு கிலோமீட்டரும் பெரும்பயணம். எதிர்த்திசையில் போவதென்றால் முப்பது கிலோமீட்டரும் ஜன்னலோரப் பயணம். காலை எட்டரை மணிக்கு அந்தேரியில் சர்ச்கேட் வண்டியில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறுவது நம் செயல் அல்ல; பின்னால் வருபவர்கள் ஏற்றுவார்கள். இறங்குவதற்கு மட்டும்தான் நாம் முயற்சி எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு நிலையங்களுக்கு முன்பிருந்தே.

அதனால் நான் ஃபோர்ட்டைப் பிடித்துக்கொண்டேன். சிவாஜி முனையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மூன்றாம் மாடியில், மின்தூக்கியின் இரும்புக் கதவைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டிய ஒரு பழைய விடுதி. அறை சிறியது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாய்கள். ஆனால் அங்கிருந்து கால்பாதேவிக்கு இருபத்தைந்து நிமிட நடை. கிராஃபோர்ட் மார்க்கெட்டைத் தாண்டி, கைவண்டிக்காரர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடலாம். பேலாப்பூருக்குப் போக வேண்டிய நாளில் வண்டி புறப்படும் இடமே நம் வாசல். உட்கார இடம் நிச்சயம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மான்குர்து தாண்டியதும் வண்டி கடற்கழியின் மேல் ஏறும்போது சட்டென்று பெட்டிக்குள் வெளிச்சமும் உப்புக்காற்றும் வரும். பிவண்டிக்கென்றால் தாணே வரை விரைவு வண்டி, பிறகு சாலை. மூன்றுமே கூட்டத்துக்கு எதிர்த்திசை. இன்னொரு சின்ன விஷயம்: நகரத்தின் தென்பகுதிக்குள் ஆட்டோக்களுக்கு அனுமதி கிடையாது. சயானுக்கும் மாஹிமுக்கும் வடக்கேதான் ஆட்டோ. தெற்கே டாக்சி அல்லது கால்கள். பேட்டா பணத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு இது முக்கியமான கணக்கு.

இடம் நன்றாக அமைந்துவிட்டால் கட்டடம் தன் தொழிலையே மாற்றிக்கொண்டும் பிழைத்திருக்கும் என்பதற்கு, ஃபோர்ட்டின் தெற்கில் காலா கோடாவில் உள்ள வாட்சன் ஹோட்டலைச் சொல்ல வேண்டும். 1860களில் இங்கிலாந்திலிருந்து இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து எழுப்பியது. லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அங்குதான், 1896 ஜூலை 7 அன்று. அது ஹோட்டலாக இருந்த காலம் போய், அருகில் நீதிமன்றங்கள் இருந்ததால் அறைகளெல்லாம் வழக்கறிஞர்களின் அலுவலகங்களாயின. பிறகு சிதிலமடைந்து காலிசெய்யப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன்.

ஒருமுறை மட்டும், ஒரு கண்காட்சிக்காக நிறுவனமே செலவு செய்து லோயர் பரேலில் தங்க வைத்தார்கள். ஃபோர்ட்டில் மூன்று நாள் தங்கும் வாடகை அங்கே ஒரு இரவுக்கு. உயரமான தளம், கண்ணாடிச் சுவர். காலையில் திரையை விலக்கியபோது கீழே, அங்காடிகளுக்கும் அலுவலகக் கோபுரங்களுக்கும் நடுவில், ஒரு செங்கல் புகைபோக்கி தனியாக நின்றிருந்தது. நான் தங்கியிருந்த அந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் கிரண்காவ், ஆலைகளின் ஊர். 1982 ஜனவரி 18இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் திரும்ப உள்ளே போகவேயில்லை. நூல் விற்க வந்தவன் நூற்பாலை நின்ற மண்ணில் மெத்தை போட்டுப் படுத்திருக்கிறேன். எங்கள் ஆலையின் புகைபோக்கி உயரத்தில் இதைவிடக் குறைவு என்று அப்போது ஒரு அற்பமான ஒப்பீடு மனதில் ஓடியது. அந்த இரண்டு இரவுகளும் சரியாகத் தூங்கவில்லை. மெத்தையின் குற்றமில்லை. வசதியை வைத்துப் பார்த்தாலும் இடத்தை வைத்துப் பார்த்தாலும் அதைவிட நல்ல ஹோட்டலில் நான் தங்கியதில்லை. ஆனால் மறுமுறை கேட்டபோது ஃபோர்ட்டே போதும் என்று சொல்லிவிட்டேன். சிக்கனக்காரன் என்று முதலாளி மகிழ்ந்திருப்பார்.

இதையெல்லாம் இப்போது வரிசைப்படுத்திப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள், இருபத்தாறு வயது, பஞ்சைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தே இழை நீளத்தைச் சொல்லிவிடுகிறவள். ஜூலை மாதம் தனியாக முதல் மும்பைப் பயணம். பேலாப்பூரில் இரண்டு நாள், கால்பாதேவியில் ஒரு நாள். அவள் போகக் கூடாதென்று வீட்டில் ஒரு அணி, அலுவலகத்தில் ஒரு அணி. பயணம் சரியாக முடியவில்லையென்றால் அந்தப் பொறுப்பே வேறு ஒருவருக்குப் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கே தங்குவது என்று கேட்டாள். ஃபோர்ட்டைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவளுடைய கேள்விகள் வந்தன.

"சார், ஸ்டேஷன்ல இருந்து வாசல் வரைக்கும் வழியில கடைங்க எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்குமுங்க?"

அந்த வட்டாரம் அலுவலகங்களின் வட்டாரம். ஏழு மணிக்கு மேல் ஷட்டர்கள் இறங்கத் தொடங்கும். ஒன்பது மணிக்குத் தெருநாய்களும் காவலாளிகளும்தான். எனக்கு அந்த அமைதி பிடிக்கும்.

"லிஃப்ட்ல ஆள் இருப்பாங்களா? ராத்திரி வரவேற்பறையில யாரு இருப்பாங்க? அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்குதுங்களா, வெறும் சாவி மட்டுந்தானா?"

இத்தனை ஆண்டுகளில் இவற்றைக் கவனிக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை. நான் சொன்ன நகரமும் அவள் கேட்ட நகரமும் ஒரே தண்டவாளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் என் வரைபடத்தில் மணி ஒன்பதுக்குப் பிறகும் தெருக்கள் அப்படியே இருக்கும். அவளுடையதில் ஒன்பது மணிக்குச் சில தெருக்கள் இல்லாமல் போய்விடும்.

சிலப்பதிகாரத்தை வியாபாரப் பயணத்தின் கதையாகவும் படிக்கலாம் என்று நண்பர் ஒருவரிடம் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். கோவலன் மதுரைக்கு வந்தது சிலம்பை விற்று முதல் சேர்க்க. கடைத்தெரு கோட்டைக்குள்ளே இருக்கிறது. முதல் நாளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறான். வணிகத்துக்கு வசதியான இடம் என்றால் உள்ளேதான் தங்கியிருக்க வேண்டும். ஆனால் கவுந்தியடிகள் கண்ணகியைப் புறஞ்சேரியில் மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். செல்வ வணிகர்கள் இவர்களை இன்னார் என்று அறிந்து தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகும் வரை இந்த ஆய்ச்சியின் பொறுப்பு என்பது ஏற்பாடு. கடைத்தெருவுக்கு எவ்வளவு அருகில் என்று அந்த அம்மையார் பார்க்கவில்லை. யார் வீடு என்று பார்த்தார். ஐயை துணையிருக்கக் கண்ணகி சமைத்துப் பரிமாறினாள். கெடுதல் நடந்தது ஊருக்குள்ளே, வியாபாரத்துக்குப் போன இடத்தில்.

அந்தப் பெண் தேர்ந்தெடுத்தது வாஷி. கடற்கழிக்கு அப்பால், கோட்டைக்கு நன்றாகவே வெளியே. நிலையத்துக்கு மேலேயே அலுவலகக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் ஆள்நடமாட்டம் இருக்கும். நிலைய வாசலிலிருந்து விடுதி வாசல் வரை தெருவின் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்து, விளக்குக் கம்பங்களை எண்ணியிருந்தாள். அவளுடைய இன்னொரு காரணம் எனக்கே பிடித்தது. ஜூலை மழையில் துறைமுக வழி தடைபடுவது பெரும்பாலும் குர்லா, சுனாபட்டி பக்கத்தில். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததைப் படித்திருக்கிறாள். அப்போது அவள் சிறு குழந்தையாக இருந்திருப்பாள். நகரத்துக்குள் வெள்ளம் வந்தாலும் வாஷிக்கும் பேலாப்பூருக்கும் நடுவே வண்டி ஓடுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு. பேலாப்பூர்க் கூட்டத்துக்குத் தாமதமாகப் போவதுதான் அவளால் தாங்க முடியாத ஒரே விஷயம். கால்பாதேவிக்குப் போகும் நாளில் கூட்டத்தின் திசையிலேயே போக வேண்டியிருக்குமே என்றேன். வாஷியிலிருந்தே புறப்படும் வண்டிகள் இருக்கின்றன, பெண்கள் பெட்டி இருக்கிறது, நின்றுகொண்டு போனாலும் பரவாயில்லை என்றாள்.

என் ஃபோர்ட் கணக்கின் மறுபாதியும் இப்போது கலைந்துவிட்டது. 2025 அக்டோபரில் மூன்றாம் மெட்ரோ வழி முழுமையடைந்து, ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை நிலத்தடியில் ஓடுகிறது. விமான நிலைய முனையத்தில் ஏறினால் கால்பாதேவியிலேயே இறங்கலாம். அந்தப் பெயரில் ஒரு நிலையமே இருக்கிறது. எங்கள் அலுவலக நண்பர் அந்தேரியில் அறை போட்டால் இனி நான் முணுமுணுக்க முடியாது. ரயில் பெருக்கையும் திசையையும் வைத்து நான் சேர்த்த அறிவில் பாதி, டாக்சிக்காரர்களின் பழைய குறுக்குவழிகளோடு சேர்ந்துவிட்டது. மாதுங்காப் பெரியவரின் கணக்குக்கு மட்டும் எந்த மெட்ரோவாலும் பாதிப்பில்லை.

அவள் போய்வந்த மூன்று நாட்களில் இரண்டு நாள் நல்ல மழை. பேலாப்பூருக்கு இரண்டு நாளும் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். கால்பாதேவியில் எனக்கு ஆறு வருடமாகத் தராமல் இழுத்தடித்த ஒரு பாக்கியில் பாதியை வசூலித்துக்கொண்டு வந்தாள். எப்படி என்று கேட்டதற்கு, கடை திறக்கும் முன்பே போய் வாசலில் உட்கார்ந்துகொண்டதாகச் சொன்னாள். செலவுச் சீட்டை எழுதிக் கொடுக்கும்போது என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அடுத்த மாசம் பிவண்டி, சார். தாணேல ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் தங்கறதுங்க, கெழக்கயா, மேற்கயா?"

மேற்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய் என்று கேட்டேன்.